பேஸ் கிட்டாரில் சின்த் பெடல்: முதல் முறை இணைப்பவர்களுக்கு

பேஸ் கிட்டார் ஓரளவு வாசிக்கத் தெரியும், தந்தியின் சத்தத்தை மின்னணு இசைக்கருவியின் சத்தமாக மாற்றும் சின்தசைசர் (சுருக்கமாக சின்த்) பெடலை இப்போதுதான் முதல் முறையாகக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு. நான் வைத்திருப்பது பாஸ் (Boss) கம்பெனியின் எஸ்ஒய்-1 (SY-1). 2020ல் வெளிவந்தது. அளவு ஒரு சாதாரண டிஸ்டார்ஷன் பெடல் அளவுதான். உங்களிடம் இருப்பது வேறு பெடல் என்றாலும் படியுங்கள். குமிழ்களின் பெயர்கள் மாறும், செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்த் பெடல் நன்றாக ஒலிக்குமா, உளறுமா என்பதை முக்கால்வாசி முடிவு செய்வது உங்கள் இரண்டு கைகள். பெடலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு தந்தியின் சத்தம் மட்டும் சுத்தமாகப் போனால், குமிழ்களை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு நல்ல சத்தம் வரும். மூன்று தந்திகளின் ரீங்காரம் கலந்து போனால் எந்தக் குமிழும் காப்பாற்றாது. அதனால் கீழே மூன்றாவது படி மட்டும் நீளமாக இருக்கும். அவசரமாக இருப்பவர்கள் மற்றதை விட்டுவிட்டு அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஏன் இந்தப் பெடல்

கிட்டாரிலிருந்து சின்தசைசரை ஓட்டும் ஆசை பழையது. ரோலண்ட் கம்பெனி 1977லேயே ஜிஆர்-500 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கென்றே செய்த தனி கிட்டார் வேண்டும். பிறகு வந்தவற்றில், இருக்கும் கிட்டாரிலேயே ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகக் கேட்கும் பிக்கப்பை ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. பேஸுக்கு ஜிகே-3பி என்று ஒன்று உண்டு. ஆனால் அதற்கு 13 முள் கொண்ட தடித்த கேபிள், அதை ஏற்கும் பெரிய யூனிட் என்று செலவு நீளும். எஸ்ஒய்-1க்கு நீங்கள் தினமும் ஆம்ப்பில் செருகும் அதே சாதாரண கேபிள் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட தந்திகளைச் சேர்த்து மீட்டினாலும் ஏற்றுக்கொள்ளும்.

தொடங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், இதில் திரையும் மெனுவும் இல்லை. எஸ்ஒய்-200ல் திரை உண்டு, அமைப்புகளைச் சேமித்தும் வைக்கலாம். மேடையில் அடிக்கடி சத்தம் மாற்றுபவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் முதல் பெடலிலேயே மெனுவுக்குள் போய்விட்டால் காது வேலை செய்யாது, கண்தான் வேலை செய்யும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கம்பெனியின் பேஸ் மோனோ சின்த்தும் எளிமையானது. பெயரிலேயே இருப்பது போல ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும். வெறும் பேஸ் வரிகள்தான் வாசிப்பேன் என்றால் அதுவும் நல்ல தேர்வுதான்.

படி 1: மின்சாரமும் இணைப்பும்

9 வோல்ட் டிசி, நடுமுனை மைனஸ். இந்த இரண்டையும் அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். வீட்டில் கிடக்கும் சிசிடிவி அடாப்டரின் முனையும் இதில் கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் அது 12 வோல்ட், பெரும்பாலும் நடுமுனை பிளஸ். பெடலுக்கு ஆபத்து. முனை பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரே அடாப்டரிலிருந்து நான்கைந்து பெடல்களுக்குக் கிளை பிரிக்கும் வயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சின்த் பெடலுக்குள் இருப்பது டிஜிட்டல் சர்க்யூட். அனலாக் டிரைவ் பெடலோடு ஒரே வயரில் மாட்டினால் மெல்லிய கீச்சொலி ஏறக்கூடும். வந்தால் சின்த்துக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் பவர் சப்ளையை வாங்கிவிடுங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கிட்டாரிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், அவுட்புட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு கேபிள். ஆம்ப்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். பெடலிலேயே கிட்டார், பேஸ் என்று ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். அதை பேஸ் பக்கம் தள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் பெடல் சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஆம்ப் பற்றி: பத்து வாட் கிட்டார் ஆம்ப்பில் இதை முயல வேண்டாம். சின்த் அலையில் அடிஸ்தாயி ஆற்றல் தொடர்ந்து வரும். சாதாரணத் தந்தி மாதிரி உடனே தேயாது. சத்தத்தின் பளபளப்பைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரைத் திருகும்போது சில இடங்களில் சத்தம் திடீரென்று எகிறவும் செய்யும். சிறு ஸ்பீக்கரின் கூம்பு தாங்காது. பேஸ் ஆம்ப், அல்லது ஹெட்ஃபோன் உள்ள ஆம்ப், அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்ஃபோன், இந்த மூன்றில் ஒன்று. ஹெட்ஃபோன் என்றால் வால்யூம் குறைவாகவே தொடங்குங்கள்.

படி 2: இரண்டு குமிழ்களை மட்டும் வைத்துத் தொடங்குங்கள்

பெடலில் 11 வகைகள், ஒவ்வொன்றிலும் 11 வேரியேஷன்கள், ஆக 121 சத்தங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கத் தோன்றும். அதைத் தள்ளிப்போடுங்கள். டைப் குமிழை பேஸ் என்ற இடத்தில் வையுங்கள், வேரியேஷன் 1. அதோடு விடுங்கள்.

இப்போது முக்கியமான இரண்டு: டைரக்ட், எஃபெக்ட். டைரக்ட் என்பது உங்கள் கிட்டாரின் சொந்தச் சத்தம். எஃபெக்ட் என்பது பெடல் உருவாக்கும் சத்தம். முதலில் எஃபெக்டை முழுவதும் குறைத்துவிட்டு டைரக்டை மட்டும் ஏற்றுங்கள். பெடலை மிதித்து ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து அங்கே நிறுத்துங்கள். பிறகு எஃபெக்டை மெதுவாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். சின்த் சத்தம் உங்கள் தந்தியோடு ஒட்டிக்கொண்டு வருவது கேட்கும்.

சுருதி சேர்த்துவிட்டீர்கள் அல்லவா? சேர்க்கவில்லை என்றால் இங்கேயே சேர்த்துவிடுங்கள். சின்த் சத்தத்தில் சுருதி பிசகு இரண்டு மடங்காகத் தெரியும்.

படி 3: கை

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பெடலைத் திருகுவதை நிறுத்திவிட்டு, கையைக் கவனிக்கத் தொடங்கிய பிறகே சத்தம் சத்தமாக வந்தது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. பேஸின் திறந்த ஈ தந்தி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஒரு சுற்று முடியவே சுமார் 24 மில்லி செகண்டு ஆகிறது. எந்தக் கருவியாக இருந்தாலும் "இது என்ன ஸ்வரம்" என்று கண்டுபிடிக்க ஒரு சுற்றாவது, பெரும்பாலும் அதற்கு மேலும் கேட்க வேண்டியிருக்கும். 12ஆம் ஃப்ரெட்டில் அதே ஈ, 82.4 ஹெர்ட்ஸ். சுற்று 12 மில்லி செகண்டாகக் குறைந்துவிடுகிறது. அதாவது மேலே போகப் போக பெடலுக்கு வேலை சுலபம். எஸ்ஒய்-1 இந்த விஷயத்தில் பழைய பெடல்களைவிட எவ்வளவோ வேகமானது. ஆனாலும் தாழ்ந்த தந்தியின் இயற்கையை எந்தப் பெடலும் மாற்ற முடியாது.

இரண்டாவது காரணம், நீங்கள் மீட்டாத தந்திகள். இதை இப்போதே சோதித்துப் பாருங்கள். ஈ தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் ஏ வாசியுங்கள், 55 ஹெர்ட்ஸ். ஒரு வினாடி கழித்து அந்தத் தந்தியை மட்டும் விரலால் நிறுத்துங்கள். சத்தம் முழுதாக நிற்காது. பக்கத்தில் திறந்த ஏ தந்தி தானாக ரீங்கரித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதுவும் 55 ஹெர்ட்ஸ்தான். அதே மாதிரி ஏ தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் ஈ வாசித்தால், கீழே இருக்கும் திறந்த ஈ தந்தி தன் இரண்டாம் ஹார்மோனிக்கில், அதாவது அடிப்படை அதிர்வின் இரண்டு மடங்கில் வரும் மேலதிர்வில், பதில் சொல்லும். சாதாரணமாக ஆம்ப்பில் இது கேட்கவே கேட்காது, கேட்டாலும் இனிமையாகத்தான் இருக்கும். சின்த் பெடலுக்கு இது இன்னொரு ஸ்வரம். அதற்கும் ஒரு சத்தம் உருவாக்க முயலும். நீங்கள் கேட்கும் கொரகொரப்பும், ஸ்தாயி மாறிக் குதிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

வழி, மிதக்கும் கட்டைவிரல். பிக்கப்பின் மேலேயே கட்டைவிரலை ஊன்றிவைத்து வாசிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிட்டு, நீங்கள் மேல்தந்திகளுக்குப் போகும்போது கட்டைவிரலையும் கூடவே கொண்டுபோய், மீட்டாத கீழ்த்தந்திகளின் மேல் படுக்கவையுங்கள். டி தந்தியை மீட்டினால் கட்டைவிரல் ஈ, ஏ இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மெலிதான ஜி தந்தியை இடது கையின் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி லேசாகத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. முதலில் கை வலிக்கும், வேகம் குறையும். விடாமல் செய்யுங்கள். இது சின்த் இல்லாமல் வாசிக்கும்போதும் உங்கள் சத்தத்தைச் சுத்தமாக்கும்.

இதைப் பழக நான் சொல்வது மோகனம். ஏ தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் சி, அதுதான் ஸட்ஜம். அதே தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டில் ரி. டி தந்தியில் 2ஆம் ஃப்ரெட்டில் க, 5ல் ப. ஜி தந்தியில் 2ல் த, 5ல் மேல்ஸட்ஜம். ஐந்தே ஸ்வரங்கள், மூன்று தந்திகள், கட்டைவிரல் ஒவ்வொரு தந்திக்கும் நகர வேண்டும். எஃபெக்டை முழுதாக ஏற்றி, டைரக்டைப் பூஜ்யத்தில் வைத்து, மிக மெதுவாக ஏறி இறங்குங்கள். கமகம் வேண்டாம், இழுப்பு வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இடையில் முழு அமைதி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பெடலிலிருந்து ஏதாவது முனகல் வந்தால், எந்தத் தந்தி அடங்கவில்லை என்று தேடுங்கள். டைரக்ட் சத்தம் மறைக்காததால் ஒவ்வொரு பிசகும் வெளியே தெரியும். பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்றே சொல்வேன்.

எங்கே மீட்டுகிறோம் என்பதும் முக்கியம். பிரிட்ஜ் அருகில் மீட்டினால் மேல் ஹார்மோனிக்குகள் தூக்கலாகவும் அடிப்படை அதிர்வு மெலிதாகவும் வரும். பெடல் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிட வாய்ப்பு அதிகம். கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டுங்கள். இரண்டு பிக்கப் இருந்தால் கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் எடுங்கள். கிட்டாரின் டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள். சத்தம் மங்கிவிடுமே என்று பயப்பட வேண்டாம், பளபளப்பைப் பெடல் கொடுக்கும். அதற்குத் தேவை சுத்தமான அடிப்படை அதிர்வு மட்டும்.

விரல் அழுத்தம் மிதமாகவும் ஒரே அளவாகவும் இருக்கட்டும். தந்தி ஃப்ரெட்டில் போய் மோதும் அளவுக்கு இழுத்தால் அந்த மோதலையும் பெடல் படிக்கும். கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் ஸ்லாப்பை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

தாழ்ந்த ஸ்வரங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. திறந்த ஈக்குப் பதிலாக டி தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில் ஈ வாசித்து, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் வேரியேஷனைத் தேர்ந்தெடுங்கள். கேட்பவர் காதுக்குத் தாழ்ந்த ஈ போகும், பெடலுக்கு 82 ஹெர்ட்ஸ் போகும். பேஸ் வகையிலும் லீட் வகைகளிலும் சுற்றிப் பார்த்தால் இப்படிக் கீழிறங்கும் சத்தங்கள் கிடைக்கும். வரி முழுவதையும் 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மாற்றி எழுதிக்கொள்வது கொஞ்சம் வேலைதான். பலன் உடனே தெரியும்.

கையால் அடக்குவது வசப்படும் வரை ஒரு துணை: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜ் அருகில் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். ஹார்மோனிக்குகளும் ரீங்காரமும் அடங்கும். ஸ்வரம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் நீண்ட சத்தங்களுக்கு இது ஆகாது, குத்துக் குத்தாக வரும் பேஸ் வரிகளுக்கு அருமையாக இருக்கும். தந்தியைப் பொறுத்தவரை, சின்த்துக்கு என் ஓட்டு, மேற்சுற்று தட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் ஃப்ளாட்வவுண்ட் தந்திக்குத்தான். விரல் வழுக்கும் கீச்சொலி இல்லை, ஹார்மோனிக்குகளும் குறைவு. விலை அதிகம், ஆனால் பல வருடம் வரும்.

படி 4: அடித்தளம் ஒன்றுதான்

கை பழகிவிட்டது என்றால் டைரக்டை மறுபடியும் ஏற்றுங்கள். இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. உங்கள் சொந்தத் தந்தியின் தொடக்கம் தாமதமே இல்லாமல் முதலில் கேட்டுவிடும், சின்த் சத்தம் அதன் முதுகில் ஏறி வரும். தாமதம் காதில் படாது. ஒரு வாத்தியக்காரருக்கு இது மனநிம்மதி.

சிக்கல் அடிஸ்தாயியில். கிட்டாரின் தாழ்ந்த அதிர்வும் சின்த்தின் தாழ்ந்த அதிர்வும் ஒரே இடத்தில் மோதினால் சில ஸ்வரங்களில் ஒன்றையொன்று அழிக்கும், சிலவற்றில் அலையாக ஆடும். ஒரு ஸ்வரம் பூதமாகவும் அடுத்தது காணாமலும் போவது இதனால்தான். ஆம்ப்பில் பேஸ் குமிழை ஏற்றி இதைச் சரி செய்ய முடியாது. யாராவது ஒருவர்தான் அடித்தளத்தைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள்.

என் விருப்பம், டைரக்ட் தாங்கட்டும். சின்த்துக்கு நடு ஸ்தாயியிலோ மேலேயோ ஒலிக்கும் வேரியேஷனை எடுத்து, எஃபெக்டை டைரக்டைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பேன். டிரம்ஸோடு வாசிக்கும்போது கிக் அடிக்கும் இடத்தில் தந்தியின் உறுதி அப்படியே இருக்கும், மேலே சின்த் நிறம் பூசும். மாறாக, எலக்ட்ரானிக் இசையில் வருவது மாதிரி முழுக்க சின்த் பேஸ் வேண்டும் என்றால் டைரக்டைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் பாதிப் பாதி வைப்பதுதான் பெரும்பாலும் குழம்பிப்போகும்.

படி 5: டோன், டெப்த்

டோன்/ரேட் குமிழ் பேஸ், லீட் வகைகளில் சத்தத்தின் வெளிச்சத்தையும், நகரும் சத்தங்களில் அந்த நகர்வின் வேகத்தையும் மாற்றும். டெப்த் ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு வேலை செய்யும். ஒன்றை நடுவில் நிறுத்தி மற்றதை முழுதும் இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

இந்தப் பெடலில் நினைவகம் இல்லை. பிடித்த சத்தம் வந்தவுடன் குமிழ்களை ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். படத்துக்கு எந்தப் பாட்டு, எந்தப் பிக்கப் என்று பெயர் வையுங்கள்.

படி 6: பேடும் ஹோல்டும்

இதை நான் மிகவும் நேசிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

மெதுவாக எழுந்து நீண்டு நிற்கும் சத்தங்கள் கொண்ட பேட் வகைக்குப் போங்கள். இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டலாம். ஈ தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஜி, ஜி தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டில் பி, இரண்டையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் ஒன்றாகக் கிள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஏ, டி தந்திகள் அடங்கியிருக்க வேண்டும். பேஸ் கிட்டாரிலிருந்து ஒரு முழு வயலின் குழு மாதிரியான விரிவு எழும். நெருக்கமான ஸ்வரங்களைத் தாழ்ந்த தந்திகளில் சேர்த்தால் சேறாகிவிடும். இப்படிப் பத்து ஸ்வரம் தள்ளி எடுத்தால்தான் தெளிவு.

அடுத்தது ஹோல்ட். ஒரு ஸ்வரத்தை மீட்டி, அது நன்றாக எழும்பியதும் பெடலை மிதித்தபடியே பிடியுங்கள். சின்த் சத்தம் அப்படியே நிற்கும். நீங்கள் அதன் மேல் டைரக்ட் சத்தத்தில் வாசிக்கலாம். சி ஸ்வரத்தை இப்படி நிறுத்தினால் அது உங்கள் சுருதிப் பெட்டி. அதன் மேல் அதே மோகனத்தை, இப்போது கமகத்தோடும் இழுப்போடும் வாசியுங்கள். கிட்டாரின் சொந்தச் சத்தம் என்பதால் பெடல் எதையும் தப்பாகப் படிக்காது. தம்புராவோடு பாடிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். மீட்டிய வேகத்திலேயே மிதித்தால் தொடக்கத்தின் அதிர்ச்சி உறைந்துவிடும். சற்றுப் பொறுத்து, சத்தம் நிலைபெற்ற பிறகு மிதியுங்கள்.

நின்றபடி ஒரு காலைப் பெடலிலேயே வைத்திருப்பது சிரமம் என்றால் தனி ஃபுட்ஸ்விட்சைக் கன்ட்ரோல் ஜாக்கில் மாட்டலாம். காலால் சாய்த்துச் சத்தத்தை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலும் அதிலேயே போகும். ஆனால் எக்ஸ்பிரஷன் பெடலின் உள்வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கீபோர்டுக்கு வாங்கிய பெடல் இதற்கும் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள், கடையில் செருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 7: மற்ற பெடல்களோடு

சின்த் முதலில், மற்றவை பிறகு. ட்யூனர் மட்டும் அதற்கு முன்னால் இருக்கலாம். டிஸ்டார்ஷனை முன்னால் வைத்தால் அது ஹார்மோனிக்குகளை வாரி இறைக்கும், பெடல் திணறும். பின்னால் வைத்தால் சின்த் சத்தம் இன்னும் தடிக்கும். டிலே, ரிவெர்ப் கடைசியில்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் எங்கே என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்னால் வைத்தால் ஸ்வரம் நீண்ட நேரம் ஒரே அளவில் போகும், பெடல் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கம்ப்ரஸர் மெல்லிய சத்தங்களையும் தூக்கிக் கொடுக்கும். நீங்கள் பாடுபட்டு அடக்கிய தந்தி ரீங்காரமும் விரல் உரசலும் திரும்பி வந்துவிடும். அதனால் தொடங்குபவர்களுக்குப் பின்னால் வைக்கவே சொல்வேன்.

டைரக்ட் சத்தத்துக்கு மட்டும் வேறு எஃபெக்ட் வேண்டும் என்றால் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள் இருக்கின்றன. முதல் மாதத்தில் அது தேவைப்படாது.

சீக்வென்ஸ் வகைகளில் சத்தம் தானாகத் தாளம் போடும். தனியாக வாசிக்கும்போது அழகு. டிரம்மரோடு என்றால் ரேட் குமிழைக் கையால் திருகி அவர் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும், பாட்டின் நடுவில் அவர் கொஞ்சம் ஓடினாலும் ஒட்டாது. பாட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ, தாளம் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஐந்து தந்தி பேஸ் வைத்திருப்பவர் தாழ்ந்த பி சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தார். அது 30.9 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கே 32 மில்லி செகண்டு. வரியை மேலே கொண்டுபோய், ஸ்தாயி இறங்கும் வேரியேஷனை எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. பி தந்தியை வாசிக்காத நேரத்திலும் அது ரீங்கரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், கட்டைவிரல் எப்போதும் அதன் மேல் இருக்க வேண்டும்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் கொண்டது) வைத்திருக்கும் இருவர், பலமாக மீட்டினால் சத்தம் உடைகிறது என்றார்கள். கிட்டாரின் ஈக்யூ குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்து, வால்யூமைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி தேய்ந்த ஆக்டிவ் சர்க்யூட், பெடல் இல்லாமலேயே சத்தத்தை உடைக்கும். சாதாரணமாகக் கவனிக்காமல் விட்டது சின்த்தில் பெரிதாகத் தெரிகிறது.

ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸில் வருமா என்ற கேள்விக்கு: வரும், நன்றாகவே வரும். ஸ்ட்ரிங்ஸ் வகையோடு ஃப்ரெட்லெஸ் இழுப்பு அற்புதமாக இருக்கும். விரல் சரியான இடத்தில் இல்லாவிட்டால் டைரக்டும் எஃபெக்டும் சேர்ந்து பிசகைக் காட்டிக்கொடுக்கும். முதலில் சுருதியோடு பழகுங்கள்.

பெடலுக்குள் பேட்டரி போட்டு வாசிப்பவர்களுக்கு: இன்புட்டில் கேபிள் செருகியிருக்கும் வரை பெடல் மின்சாரத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும், விளக்கு எரியாவிட்டாலும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டிஜிட்டல் பெடல் என்பதால் பேட்டரி வேகமாகத் தீரும். கச்சேரிக்கு அடாப்டரை மட்டுமே நம்பலாம்.

பதிவு செய்ய நினைப்பவர்கள் பெடலின் அவுட்புட்டை ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த உள்ளீட்டில் செருகுங்கள். முடிந்தால் பெடலுக்கு முன்பே சிக்னலை இரண்டாகப் பிரித்து, சுத்தமான கிட்டாரை இன்னொரு டிராக்கில் பதியுங்கள். பிறகு கலக்கும்போது அடித்தளத்தை எது தாங்க வேண்டும் என்பதை நிதானமாக முடிவு செய்யலாம். கேட்டுச் சரிபார்ப்பதை ஃபோன் ஸ்பீக்கரில் செய்யாதீர்கள். 41 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. ஹெட்ஃபோனில் ஒரு முறை, முடிந்தால் காரில் ஒரு முறை கேளுங்கள்.